இரவல் நாக்கு

ஆரோக்கியம் எவர்சில்வர் டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு ஓரடி பின்னால் தள்ளி நின்றார். டம்ளரில் கால்வாசிக்குக் கருஞ்சிவப்பாகத் திராட்சை ஒயின். சமையல்கட்டு முழுக்கக் கிராம்பு வாசனை. மேடைமேல், வடிகட்டிய மல் துணி ஊதா நிறமாகிச் சுருண்டு கிடந்தது. கதவு நிலையில் சாய்ந்தபடி, கையைக் கட்டிக்கொண்டு அவர் மனைவி லில்லி.

நான் ஒரு வாய் குடித்தேன். ஆரோக்கியம் என் தொண்டைக்குழியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா அண்ணாத்தே, எப்டி கீது?"

"நல்லாருக்கு" என்றேன்.

அவர் முகம் சுருங்கிப்போயிற்று. "நல்லாருக்குன்னா இன்னா அர்த்தம்? ஃபேக்டரில ஒரு பீஸைக் கையில குடுத்தா, நல்லாருக்குன்னா எழுதுவே? எனுக்கு ருசியைச் சொல்லு. நான் குடிச்சுப் பாக்க முடியாது. உன் நாக்கை நம்பித்தான் கீறேன்."

எண்பதுகளின் நடுவில், ஆவடி தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில், கிறிஸ்துமஸுக்குச் சில நாள் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நடந்தது இது. ஒயினைப் பற்றி எனக்கு என்ன தெரியுமோ அது அன்றைக்குத்தான் ஆரம்பித்தது.

போன வாரம் இந்தப் பத்தியில் ஷிப்ட் சங்கைப் பற்றி எழுதும்போது, அடுத்து பஸ் ஸ்டாண்டைப் பற்றி எழுதுவதாகத்தான் நினைத்திருந்தேன். கெடுத்தது என் மருமகன். கோவில்பதாகையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஒரு பாட்டிலோடு வந்து, நீளக் கால் வைத்த கண்ணாடிக் கோப்பையில் ஊற்றி, அதைச் சுழற்றிச் சுழற்றிக் காட்டி, "மாமா, உங்க அபிப்பிராயம்?" என்றார். கிழவனுக்கு என்ன தெரியும் என்ற சிரிப்பு உதட்டில் இருந்தது. ஒரு வாய் குடித்துவிட்டு, முதலில் என்ன வருகிறது, நடுவில் என்ன, விழுங்கின பிறகு என்ன தங்குகிறது என்று மூன்று வரி சொன்னேன். மாப்பிள்ளை சுழற்றுவதை நிறுத்திவிட்டார்.

தண்ணீர்க் கிறிஸ்துமஸ்

நான் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்தேன். வருகிற பாகத்தைக் கேஜ் வைத்து அளப்பது, சரியாக இருந்தால் பச்சை பெயிண்ட், இல்லாவிட்டால் சிவப்பு. விருதுநகர் பக்கத்திலிருந்து வந்தவன். ஆரோக்கியம் அசெம்பிளி ஷாப் ஃபிட்டர், பெரம்பூரில் பிறந்து வளர்ந்தவர். எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அவர்கள் வீட்டில் தேங்காய் துருவினால் எங்கள் வீட்டில் கேட்கும்.

எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையில் கிறிஸ்துமஸ் என்றால் ஆரோக்கியம் வீட்டு ஒயின்தான். அவருடைய அம்மா வழியாக வந்த பக்குவம். கேக் யார் வேண்டுமானாலும் கொடுப்பார்கள். ஆனால் சின்ன மருந்து பாட்டிலில், வாயைத் துணியால் கட்டி, வீட்டுக்கு ஒன்றாக வருகிற அந்த ஒயினுக்குத்தான் வரிசையே காத்திருக்கும். ஜென்மத்தில் கறி தொடாத என் மனைவி கோமதிகூட, "அது பழச்சாறுதானே" என்று சொல்லி ஒரு மூடி குடிப்பாள். காலி பாட்டிலை வெறுமனே திருப்பக் கூடாது என்று, அதில் சர்க்கரை நிரப்பிக் கொடுத்துவிடுவாள்.

ஆரோக்கியத்துக்குக் குடி இருந்தது. சம்பள நாளில் ஆள் வீடு வந்து சேர மாட்டார். நானே இரண்டு தடவை பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டிலிருந்து கைத்தாங்கலாகக் கூட்டி வந்திருக்கிறேன். லில்லி பள்ளிக்கூட டீச்சர், திருச்சிக்காரர். எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டார்.

பொறுக்க முடியாமல் போனது ஒரு கிறிஸ்துமஸில். அந்த வருஷம் வீடு வீடாக வந்த ஒயின் வெளிறிப்போய், பெயருக்குத்தான் சிவப்பாக இருந்தது. ருசி என்று ஒன்றும் இல்லை. பண்டிகைக்கு முன்பே ஆரோக்கியம் பாட்டிலுக்குப் பாதி குடித்துவிட்டு, குழாய்த் தண்ணீர் பிடித்து ரொப்பியிருக்கிறார். யாரும் வாய் திறக்கவில்லை. எல்லா வீட்டிலும் வழக்கம்போல பாட்டிலில் சர்க்கரை போட்டுத் திருப்பிக் கொடுத்தோம். அந்தச் சர்க்கரைதான் லில்லியைக் கொன்றிருக்க வேண்டும். தண்ணீரைத் திராட்சை ரசமாக்கினவர் பிறந்த நாளில் ரசத்தைத் தண்ணீராக்கினவர் ஆரோக்கியம் என்று பின்னால் வரிசையில் சொல்லிச் சிரித்தார்கள். லில்லி சிரிக்கவில்லை.

அந்த வாரமே தன் துணிமணியையும் பிள்ளைகள் துணியையும் ஒரு டிரங்குப் பெட்டியில் அடுக்கிப் பூட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். இனி ஒரு சொட்டு அவர் நாக்கில் பட்டாலும் பெட்டி திருச்சிக்குப் போகும், பெட்டியோடு தானும் பிள்ளைகளும் போவோம் என்று சொல்லிவிட்டார். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த எங்களுக்குக்கூட அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆரோக்கியமே வந்து சொல்லித்தான் தெரியும்.

ஆரோக்கியம் நிறுத்திவிட்டார். ஆனால் அடுத்த கார்த்திகை வந்ததும், ஒயின் போடுவேன் என்று நின்றார். லில்லிக்கு மட்டுமில்லை, எனக்கே அது சரியாகப் படவில்லை. வேண்டாமே என்று சொல்லிப் பார்த்தேன். "ஆவடி முச்சூடும் கடை கீது அண்ணாத்தே. எங்க போய் ஒளியறது? என் ஊட்டுலயே, கண்ணு முன்னாலயே இருக்கட்டும். தொடாம கீறேனா இல்லியான்னு எனுக்கே தெரியணும்" என்றார்.

லில்லி என்னைக் கூப்பிட்டு ஒன்று மட்டும் கேட்டார். வடிகட்டுகிற அன்று நான் பக்கத்தில் இருக்க வேண்டும். இப்படியாக ஆரோக்கியத்துக்கு நாக்காகவும் லில்லிக்குக் காவலாகவும் ஒரே டம்ளருக்கு எனக்கு இரண்டு உத்தியோகம்.

ஜாடிக்கு இருட்டான இடம் வேண்டும். குவார்ட்டர்ஸ் வீட்டில் இருட்டு இருந்தது கட்டிலுக்கு அடியில் மட்டும்தான். பெட்டியை நகர்த்த ஆரோக்கியமும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தோம். அப்படி ஒரு கனம். ஜாடி பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தது. வருஷா வருஷம் அந்த இரண்டும் அப்படியேதான் இருந்தன.

ஜூஸுக்குத்தானே?

ஒயினில் நல்லது கெட்டது திராட்சையிலேயே தீர்மானமாகிவிடும் என்பது என் முதல் அபிப்பிராயம். பன்னீர் திராட்சைதான் வேண்டும். அதற்குப் பூந்தமல்லிக்குப் போவோம். அங்கே காதர் பாய் கடை. ஆரோக்கியம் ஒரு கூடையைக் காட்டினால், பாய் அதை ஒதுக்கிவிட்டு உள்ளேயிருந்து வேறொன்றை எடுத்து வருவார். கறுத்துப் பழுத்து, காம்போரம் லேசாக வாடினது.

"ஜூஸுக்குத்தானே நைனா?"

"ஜூஸுக்குத்தான் பாய்."

வருஷா வருஷம் இதே கேள்வி, இதே பதில். அவ்வளவு ஜூஸை எந்தக் குடும்பம் குடிக்கும் என்று பாய் கேட்டதில்லை. தராசில் நிறுத்த பிறகு ஒரு கொத்தை மேலே போட்டு, பண்டிகைக்கு வாழ்த்தும் சொல்லி அனுப்புவார்.

பழத்தைத் தண்ணீர் படாமல் துணியால் துடைத்து, காம்பு ஆய்ந்து, கையால் பிசைந்து, சர்க்கரை, ஒரு பிடி கோதுமை, பேக்கரியில் கெஞ்சி வாங்கின ஈஸ்ட், கிராம்பு, பட்டை எல்லாம் சேர்த்து ஜாடியில் போட்டு வாயைத் துணியால் கட்டுவார். தினம் ஒரு தடவை மரக்கரண்டியால் கிண்டுவார். கிண்டின கரண்டியைக் குழாயடியில் கழுவுகிறவர் லில்லி. கரண்டியைக்கூட அவரிடம் விட்டு வைக்க மாட்டார்.

என் அபிப்பிராயங்கள்

"நல்லாருக்கு" என்று சொல்லித் திட்டு வாங்கின அன்றே நான் இன்னொரு வாய் குடித்தேன். இன்ஸ்பெக்‌ஷன் புத்தி வேலை செய்தது. ஒரு பாகத்தை மொத்தமாகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. முனையைப் பார், நடுவைப் பார், அடியைப் பார் என்பார்கள். அதே மாதிரி பிரித்துச் சொன்னேன். நாக்கில் பட்டதும் இனிப்பு. நடுவில் புளிப்பு ஏறுகிறது. விழுங்கின பிறகு கிராம்பு மட்டும் தனியாக நிற்கிறது. ஆரோக்கியம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அவர் தொண்டை ஏறி இறங்கியது. பிறகு கண்ணைத் திறந்து, புளிப்பு ஏறினால் கொஞ்சம் சர்க்கரை கரைத்துவிடலாம் என்றார். அவ்வளவுதான். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு நான் வீட்டுக்கு வந்தேன்.

இந்த உத்தியோகம் கிடைத்த பிறகு எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்தது. வெளி ஒயின்களையும் ருசி பார்த்தால்தானே தராதரம் தெரியும் என்று கிளம்பினேன். அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரை ரோட்டோரம் எத்தனையோ 'ஒயின்ஸ்' போர்டு. ஒன்றில் நுழைந்து ஒயின் கேட்டேன். கவுன்டர்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அப்படி ஒரு சரக்கை அங்கே யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. ஸ்டூல் போட்டு ஏறி, மேல்தட்டிலிருந்து தூசி படிந்த ஒரு பாட்டிலை இறக்கினார். தூசி இருந்தால் பழசு, பழசென்றால் உசத்தி என்று யாரோ சொன்னதை நம்பி வாங்கினேன். தூசி வருஷத்தால் வந்ததில்லை, ரோட்டில் போன லாரியால் வந்தது. உள்ளே இருந்தது இருமல் மருந்துக்கு அண்ணன். தூசியைப் பார்த்து ஒயின் வாங்காதீர்கள்.

இன்னொரு பாடம் ஓர் அதிகாரியின் ஓய்வு விருந்தில் கிடைத்தது. வெளிநாட்டு பாட்டில் என்று பெருமையாக ஊற்றினார்கள். ஒரு வாய் குடித்ததும் வாய் முழுக்கத் துவர்த்தது. சுற்றி எல்லாரும் பிரமாதம் என்று தலையாட்டினார்கள். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே, "துவர்க்குது சார்" என்றேன். அதிகாரி சிரித்துவிட்டு, அது அப்படித்தான் இருக்க வேண்டும், இன்னும் இரண்டு வாய் குடித்துப் பார் என்றார். பார்த்தேன். நெல்லிக்காயும் வாழைப்பூவும் சாப்பிட்டு வளர்ந்த நாக்குக்குத் துவர்ப்பு என்ன புதுசா? இனிப்புதான் நல்ல ஒயின் என்பது பழக்கதோஷம். அந்த வருஷமே ஆரோக்கியத்திடம் சொல்லி, தோலை இரண்டு நாள் கூட ஊற வைத்தோம்.

மற்றபடி சில்லறை அபிப்பிராயங்கள். வேகாத வெயிலில் குடித்தால் நல்ல ஒயினும் கஷாயம்தான். ஈரத்துணி சுற்றி வைத்துக் குடிக்கலாம். முறுக்கு சரிப்படாது, எண்ணெய் நாக்கை மூடிவிடும். வறுத்த வேர்க்கடலை போதும். கண்ணாடி கிளாஸ் நல்லது, இல்லாவிட்டால் எவர்சில்வரால் குடி முழுகிவிடாது. யாராவது அபிப்பிராயம் கேட்டால் அவர் முகத்தைப் பார்க்காமல் சொல்லுங்கள். முகத்தைப் பார்த்தால் "நல்லாருக்கு" என்று வந்துவிடும்.

ஒன்று பாக்கி இருக்கிறது. சளி பிடித்திருக்கும்போது ஒயினைத் தொடாதீர்கள். இதைத்தான் நான் மறக்க முடியாதபடி கற்றுக்கொண்டேன்.

சளி பிடித்த வருஷம்

தொண்ணூறு பிறந்து ஒன்றிரண்டு வருஷம் இருக்கும். மார்கழி மழையில் நனைந்து எனக்கு மூக்கு அடைத்துக்கொண்டது. கோமதி மிளகு ரசம் கொடுத்து, மூக்கைச் சுற்றி நீலகிரித் தைலத்தையும் தடவி உட்கார வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த ஆரோக்கியம் சுவரைத் தட்டினார். இன்றைக்குப் போக வேண்டுமா என்று கோமதி கேட்டாள். நாக்கில்தானே ருசி, மூக்குக்கு என்ன வேலை என்று சொல்லிவிட்டுப் போனேன். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று அவள் பின்னாலிருந்து சொன்னது காதில் விழுந்தது.

அதே டம்ளர். அதே கதவு நிலை, லில்லி. ஒரு வாய் குடித்தேன். ஒன்றும் இல்லை. இன்னொரு வாய். தொண்டையில் லேசான சூடு, அவ்வளவுதான். முகத்தைப் பார்க்காமல் உள்ளதைச் சொல்வது என் கொள்கை. சொன்னேன்.

"தண்ணி மாதிரி இருக்கு ஆரோக்கியம்."

சொன்ன பிறகுதான் நிமிர்ந்து பார்த்தேன். லில்லி கட்டியிருந்த கையை அவிழ்த்திருந்தார். ஆரோக்கியத்தின் முகம் வெளுத்துவிட்டது. அந்த வீட்டில் எந்த வார்த்தையைச் சொல்லக் கூடாதோ அதைச் சொல்லிவிட்டேன். சளி, மூக்கு அடைத்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை என்று உளற ஆரம்பித்தேன். ஆறேழு வருஷமாக ஒரு தடவைகூட நான் இப்படிச் சொன்னதில்லை. அதனால் சமாளிக்கிறேன் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

"நான் தொடல லில்லி" என்றார் ஆரோக்கியம்.

லில்லியின் பார்வை டம்ளரில் இருந்தது.

ஆரோக்கியம் என் கையிலிருந்து டம்ளரை வாங்கினார். மூக்குக்கிட்டே கொண்டுபோய் மோந்து பார்த்தார். மோந்து பார்த்ததற்கெல்லாம் சாட்சி மதிப்பு உண்டா? ஒரே ஒரு வாய் குடித்தால் அது தண்ணீரா ஒயினா என்று அவருக்குத் தெரிந்துவிடும். குடித்தால் பெட்டி போய்விடும். டம்ளர் விளிம்பு அவர் மீசைக்குப் பக்கத்திலேயே நின்றது. காவலுக்கு நிற்கிற நான் தட்டிவிட வேண்டும். கை எழும்பவில்லை.

அவர் மெதுவாக டம்ளரை இறக்கினார். நான்கடி நடந்து கதவு நிலைக்குப் போய், அதை லில்லியிடம் நீட்டினார்.

"நீயே பாத்து சொல்லு. நீ இன்னா சொன்னாலும் சரி."

ஒயின் வாசனை வந்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற பெண்மணி அவர். பண்டிகையன்றும் அவர் அதைத் தொட்டு நான் பார்த்ததில்லை. டம்ளரை வாங்கினார். கொஞ்சம் வாயில் வைத்து, உடனே விழுங்காமல் நின்றார். விழுங்கினார். இன்னும் சிறிது குடித்தார்.

"சர்க்கரை ஒரு கை கம்மி. கிராம்பு தூக்கல். நடுவுல ஒரு துவர்ப்பு வருது, அது நல்லாருக்கு. போன வருஷத்தைவிட நல்லா வந்திருக்கு. முந்தின வருஷம்தான் ரொம்பப் புளிப்பு."

இத்தனை வருஷத்தில் நான் ஒரு தடவைகூட இவ்வளவு துல்லியமாகச் சொன்னதில்லை. ஆரோக்கியம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன வருசம் நீ எங்க குடிச்சே?"

லில்லி டம்ளருக்குள் பார்த்தார். "நீங்க ஷிப்ட்டுக்குப் போனப்புறம். ஜாடில ஒரு ஸ்பூன், பாட்டில்ல அடைச்சப்புறம் ஒவ்வொண்ணுலயும் ஒரு ஸ்பூன். எல்லா வருஷமும்தான். குடிச்சிட்டுத் தண்ணி ஊத்தியிருக்கீங்களான்னு பார்ப்பேன்."



"ஒரு வருஷம்கூட தண்ணி இல்ல" என்றார் லில்லி.

ஆரோக்கியம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். தண்ணீர் ஊற்றினாரா என்று வருஷா வருஷம் சோதித்தது பெரிய அவமானம். ஆனால் அவர் அழுதது அதற்காக இல்லை என்பது எனக்குப் புரிந்தது. இத்தனை வருஷம் அவர் சுத்தமாக இருந்தார் என்பதற்கு அவரைத் தவிர இன்னொரு ஆளும் சாட்சி என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரியும். எனக்கும் கண் கலங்கியது. சளி இருந்ததால் துடைத்துக்கொள்ள வசதியாகப் போயிற்று.

லில்லி சர்க்கரை டப்பாவை எடுத்து, ஒரு கை அள்ளிப் போட்டு, தானே கரண்டியால் கலக்க ஆரம்பித்தார். எனக்கு அங்கே வேலை இல்லை. வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அடுத்த வருஷத்திலிருந்து ருசி பார்ப்பது லில்லிதான். எனக்கு எல்லாரையும் போலப் பண்டிகையன்று மருந்து பாட்டில் வரும். கோமதி சர்க்கரை போட்டுத் திருப்புவாள்.

சளி பிடித்த அந்தக் கிறிஸ்துமஸ் முடிந்து, பொங்கலுக்கு வெள்ளையடிக்கிற சமயம். லில்லி சுவரைத் தட்டி என்னைக் கூப்பிட்டார். கட்டிலுக்கு அடியில் இருக்கும் பெட்டியைப் பரண்மேல் ஏற்ற வேண்டும், ஒரு கை பிடியுங்கள் அண்ணே என்றார். ஆரோக்கியம் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பழைய கனத்தின் ஞாபகத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே தம்மில் தூக்கினேன். தூக்கின வேகத்தில் பெட்டி என் நெஞ்சில் வந்து இடித்தது. உள்ளே ஒன்றுமே இல்லை.